முன்பாரம், பின்பாரம்

கேரவன் என்றால் இந்தியாவில் சினிமாக்காரர்களின் சமாச்சாரம். படப்பிடிப்பு இடைவேளையில் நட்சத்திரங்கள் ஏ.சி. போட்டுக்கொண்டு ஓய்வெடுக்கும் வண்டி. கேரளம் 2021ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. அதன் பிறகு பயணிகளுக்காக வந்தவையும் பெரும்பாலும் சொந்த எஞ்சினில் ஓடும் வேன்கள்தான். ஆஸ்திரேலியாவில் கேரவன் என்பது வேறு. அதற்கு எஞ்சின் கிடையாது. சக்கரங்கள் உண்டு, கட்டில், சமையலறை, கழிப்பறை உண்டு, சிலவற்றில் துணி துவைக்கும் இயந்திரம்கூட உண்டு. காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்ல வேண்டிய வீடு அது.

ஆண்டுதோறும் தெற்கே குளிர் தொடங்கியதும் மெல்பர்ன், அடிலெய்டு போன்ற நகரங்களிலிருந்து ஓய்வுபெற்ற தம்பதிகள் இந்த வீடுகளோடு வெயிலைத் தேடி வடக்கே கிளம்புகிறார்கள். ‘கிரே நோமட்ஸ்’, அதாவது நரைத்த நாடோடிகள் என்று அவர்களுக்குச் செல்லப் பெயர். போர்ட் அகஸ்டாவிலிருந்து டார்வின் வரை நாட்டின் நடுவே போகும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை மட்டுமே சுமார் 2,700 கி.மீ. நீளம். நாற்பது வருட உழைப்பில் சேர்ந்த பணத்தில் கணிசமான பகுதி கேரவனாகவும் அதை இழுக்கும் வண்டியாகவும் மாறி அந்தச் சாலையில் ஓடுகிறது.

பெரும்பாலான பயணங்கள் சுகமாகவே முடிகின்றன. சில, சாலையோரத்தில் பிளைவுட்டும் அலுமினியத் தகடும் மெத்தையுமாகச் சிதறி முடிகின்றன. அப்போது பழி காற்றின் மேல் விழுகிறது. அல்லது எதிரே வந்த ராட்சத லாரியின் மேல். இவை இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதே காற்றில், அதே லாரியைக் கடந்து, வேறு பல கேரவன்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கும். பல சமயங்களில் கோளாறு வீட்டு வாசலிலேயே தொடங்கியிருக்கும். இழுக்கும் வண்டிக்கும் இழுபடும் வண்டிக்கும் யாரும் பொருத்தம் பார்த்திருக்க மாட்டார்கள்.

பார்க்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. எல்லோரும் ஒரு கேள்வி கேட்கத்தான் செய்கிறார்கள்: ‘இது எவ்வளவு இழுக்கும்?’ விற்பனையாளரின் பதில் தயாராக இருக்கும்: ‘மூன்றரை டன்.’ 2010களில் பிக்கப் வண்டி (ஆஸ்திரேலியர் இதை ‘யூட்’ என்பார்கள்) தயாரிப்பாளர்களுக்கிடையே போட்டி முற்றி, ஏறத்தாழ எல்லோரும் 3,500 கிலோ என்ற எண்ணில் வந்து நின்றார்கள். விளம்பரத்தில் அந்த எண்தான் பெரிதாக இருக்கும். பொய்யான எண் அல்ல அது. பாதி உண்மை, அவ்வளவுதான்.

மீதிப் பாதி, வண்டியின் கையேட்டில் மூன்றெழுத்துச் சுருக்கங்களாகக் கிடக்கிறது. ஜி.வி.எம். என்பது கார், ஆட்கள், சாமான், எரிபொருள் எல்லாம் சேர்ந்து காரின் சக்கரங்கள் தாங்கக்கூடிய உச்ச எடை. ஏ.டி.எம். என்பது நிறைய ஏற்றப்பட்ட கேரவனின் உச்ச எடை (இந்த ஏ.டி.எம்.மில் பணம் வராது, போகத்தான் செய்யும்). ஜி.சி.எம். என்பது காரும் கேரவனும் சேர்ந்து தாண்டக் கூடாத மொத்த எடை. விற்பனைக் கூடத்தில் அதிகம் பேசப்படாத இந்தக் கடைசி எண்தான் கணக்கைத் தீர்மானிக்கிறது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். சந்தையில் காணப்படும் அளவுகளை ஒட்டி ஒரு யூட்டை எடுத்துக்கொள்வோம். டாங்க் நிரம்பிய வெறும் வண்டியின் எடை 2,150 கிலோ. ஜி.வி.எம். 3,100. எனவே 950 கிலோ ஏற்றலாம் என்பது பலரின் கணக்கு. இழுவைத் திறன் 3,500. ஜி.சி.எம். 6,000.

இப்போது 3,500 கிலோ கேரவன் ஒன்றை மாட்டினால், ஆறாயிரத்தில் காருக்கு மிச்சம் 2,500. அதில் வெறும் வண்டியே 2,150 போய்விடுகிறது. மீதி 350 கிலோ. கணவனும் மனைவியுமாக 160 கிலோ. கங்காருக்களுக்குப் பயந்து முன்னால் மாட்டிய இரும்புத் தடுப்பு 60. இழுவைக் கம்பி 35. பின்பக்கத்தை மூடிய கூண்டு 80. கூட்டினால் 335. மீதமிருக்கும் 15 கிலோவில் குளிர்பெட்டி, கருவிப் பெட்டி, உபரி டயர் எல்லாம் அடங்க வேண்டும். நாயைக்கூட ஏற்ற முடியாது. 950 கிலோ ஏற்றலாம் என்று வாங்கிய வண்டி, 3,500 கிலோவை இழுக்கும்போது 350 கிலோதான் ஏற்றும். இரண்டு திறன்களும் உண்மை. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது.

இதைச் சமாளிக்கப் பலர் கூடுதல் வலுவுள்ள ஸ்பிரிங்குகளைப் போட்டு, உரிய சான்றிதழுடன் ஜி.வி.எம்.மை உயர்த்திக்கொள்கிறார்கள். அதனால் ஜி.சி.எம். தானாக உயர்ந்துவிடாது. காரில் கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு கிலோவையும் கேரவனிலிருந்து இறக்கியாக வேண்டும்.

கேரவனின் உள்ளேயும் இதே கதைதான். வெறும் கேரவனின் எடைக்கும் அதன் உச்ச எடைக்கும் நடுவே 400, 500 கிலோ இடைவெளி இருந்தால் விசாலமாகத் தெரியும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 95 லிட்டர் தொட்டிகள் இரண்டை நிரப்பினால் 190 கிலோ. சமையல் எரிவாயு சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 35 கிலோ. பிறகு மேலே சோலார் தகடுகள், கீழே கூடுதல் பேட்டரி, வெளியே விரிக்கும் கூடாரம், பார்பிக்யூ அடுப்பு, மடக்கு நாற்காலிகள், மீன் பிடிக்கும் சாமான்கள். தனியாகப் பார்த்தால் எதுவும் பாரமில்லை. மயிலிறகு ஏற்றிய வண்டியின் அச்சைப் பற்றி வள்ளுவர் பேசும் அதிகாரத்தின் பெயர் வலியறிதல் என்பது தமிழ் வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லாதது.

எடை எவ்வளவு என்பது ஒரு பாதி. எடை எங்கே என்பது மறு பாதி. மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாரம் முன்னால் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்னால் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கிக்கொண்டு கழுத்துக் கயிறு இறுக்கும். முன்பாரம், பின்பாரம் என்று நம் வண்டிக்காரர்கள் சொல்லி வந்ததைத்தான் கேரவன் உலகம் காரின் பின்னாலிருக்கும் உருண்டையின் மேல் இறங்கும் எடை என்று அளக்கிறது. 50 மில்லிமீட்டர் விட்டம், எலுமிச்சம்பழ அளவு. அந்த இரும்பு உருண்டையில்தான் கேரவன் வந்து மாட்டுகிறது.

ஆஸ்திரேலியாவில் பொதுவான சிபாரிசு, கேரவனின் எடையில் சுமார் 10 சதவீதம் முன்பாரமாக இருக்க வேண்டும் என்பது. இலகுவான கேரவன்கள் ஓடும் பிரிட்டனில் 5 முதல் 7 சதவீதம். நமது 3,500 கிலோ கேரவனுக்கு முன்பாரம் 350 கிலோ. இந்த எடை காரின் சக்கரங்கள் மேல் இறங்குவதால் அது காரின் ஜி.வி.எம். கணக்கிலும் சேரும். இறங்குவதும் நேராக இறங்குவதில்லை. உருண்டை இருப்பது பின் அச்சுக்கும் பின்னால். இரண்டு அச்சுகளுக்கும் இடையே 3.1 மீட்டர், பின் அச்சிலிருந்து உருண்டைக்கு 1.3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நெம்புகோல் விதிப்படி அந்த 350 கிலோ பின் அச்சை சுமார் 497 கிலோவாக அழுத்தும். முன் அச்சிலிருந்து சுமார் 147 கிலோவைத் தூக்கிவிடும். காரைத் திருப்புவதும், பெருமளவு நிறுத்துவதும் முன் சக்கரங்கள். அவற்றின் பிடிதான் குறைகிறது. இரவில் எதிரே வருபவரின் கண்ணைக் குத்தும்படி முகப்பு விளக்கு மேல் நோக்குவது இதன் வெளி அடையாளம். பள்ளமும் மேடுமான உள்நாட்டுப் பாதைகளில் சுமை மிகுந்த யூட்களின் சேஸிஸ் வளைந்துபோவதற்குப் பின்னாலும் இந்த நெம்புகோல் இருக்கிறது.

முன்பாரம் தொல்லை என்று சாமான்களைப் பின்னால் தள்ளினால் அதைவிடப் பெரிய ஆபத்து காத்திருக்கிறது. சைக்கிள்கள், உபரிச் சக்கரங்கள், கருவிப் பெட்டி ஆகியவற்றைக் கேரவனின் பின்சுவரில் மாட்டுவது பலருக்கு வசதி. ஒரு கம்பின் நடுவில் கல்லைக் கட்டிச் சுழற்றுவதற்கும், இரண்டு முனைகளில் கட்டிச் சுழற்றுவதற்கும் வித்தியாசம் உண்டு. முனைகளில் கட்டினால் ஆட்டத்தைத் தொடங்குவதும் கடினம், தொடங்கிய ஆட்டத்தை அடக்குவதும் கடினம். கேரவனின் முன், பின் முனைகளில் குவியும் எடை அப்படித்தான்.

ஆட்டம் தொடங்க ஒரு சாக்குப் போதும். வட பிரதேசத்தின் நெடுஞ்சாலைகளில் மூன்று, நான்கு டிரெய்லர்களை இழுத்துக்கொண்டு ஓடும் ‘ரோடு டிரெயின்’ லாரிகளின் நீளம் 53.5 மீட்டர் வரை போகிறது. அத்தகைய லாரி எதிரே கடக்கும்போது அதன் முகப்பிலிருந்து வரும் காற்று கேரவனைத் தள்ளுகிறது. அடுத்த கணம் உறிஞ்சி இழுக்கிறது. கேரவனின் வால் இடமாக ஒரு முறை, வலமாக ஒரு முறை அசைகிறது. வேகம் குறைவாக இருந்தால் டயர்களின் உராய்வு அந்த அசைவைத் தின்றுவிடும். இரண்டு ஆட்டத்தில் அடங்கிவிடும். ஒவ்வொரு கார்-கேரவன் ஜோடிக்கும் ஒரு வேக எல்லை இருக்கிறது. அதைத் தாண்டினால் அசைவு அடங்காது. யாரும் தள்ளாமலே வேகம் பிடிக்கும் ஊஞ்சல்போல, வண்டியின் ஓட்டத்திலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். கடைசியில் வால் நாயை ஆட்டுகிறது. ஓட்டுபவருக்குக் கிடைப்பது சில விநாடிகள்.

அந்த வேக எல்லை எங்கும் அச்சிடப்பட்டிருப்பதில்லை. முன்பாரம் போதாமலிருந்தால், முனைகளில் எடை குவிந்தால், காரைவிடக் கேரவன் கனமாக இருந்தால், டயரில் காற்று குறைந்திருந்தால் அது கீழே இறங்கும். ஒரே கேரவன் போகும்போது சாதுவாகவும், திரும்பும்போது முரடாகவும் நடந்துகொள்வது இதனால்தான். இடையில் முன்பக்கத் தண்ணீர்த் தொட்டி காலியாகியிருக்கும். பின்பக்கக் கழிவுநீர்த் தொட்டி நிரம்பியிருக்கும்.

இதை வைத்துப் பார்த்தால் ‘எவ்வளவு இழுக்கும்?’ என்பது தவறான கேள்வி என்பது புரியும். இழுப்பது எஞ்சினின் வேலை. இன்றைய டீசல் எஞ்சின்கள் அதைச் சிரமமில்லாமல் செய்துவிடும். ஆட்டத்தை அடக்குவதும், வளைவில் பிடித்து நிற்பதும், இறக்கத்தில் நிறுத்துவதும் எஞ்சினின் வேலை அல்ல. அது காரின் எடை, அச்சு, டயர், பிரேக் ஆகியவற்றின் வேலை. மின்சாரக் கார்களை எடுத்துக்கொள்ளலாம். நின்ற இடத்திலிருந்து இழுக்கும் வலுவில் அவற்றை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அவற்றில் சிலவற்றுக்கு, எதையும் இழுக்கக் கூடாது என்பதே தயாரிப்பாளரின் உத்தரவு. இழுக்க அனுமதியுள்ளவையும் பெரிய கேரவனை மாட்டினால் ஒரு சார்ஜில் பாதித் தூரம்தான் போகின்றன.

பொருத்தம் பற்றிய கவலை இந்தப் பொழுதுபோக்கோடு கூடப் பிறந்தது. உல்லாசத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் கேரவன்களில் ஒன்றான ‘வாண்டரர்’, 1885ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் உருவானது. கடற்படையில் டாக்டராக இருந்து எழுத்தாளரான கோர்டன் ஸ்டேபிள்ஸ் அதில் பெர்க்‌ஷயரின் டுவைஃபோர்டிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை போனார். ஏறக்குறைய 2 டன் எடை. இழுக்க இரண்டு குதிரைகள். குதிரைக்கு ஒரு சௌகரியம் இருந்தது. பாரம் அதிகமானால் அது நின்றுவிடும். கார் நிற்பதில்லை.

அதனால்தான் பிரிட்டனின் கேரவன் சங்கங்கள் புதியவர்களுக்கு ஒரு எளிய சூத்திரத்தைச் சொல்லித் தருகின்றன: ஏற்றிய கேரவனின் எடை வெறும் காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். அனுபவசாலிகள் 100 சதவீதம் வரை போகலாம். அதற்கு மேல் எவருக்கும் வேண்டாம். இது சட்டமல்ல, அறிவுரை. இந்த அளவுகோலை நமது 2,150 கிலோ யூட்டுக்கு வைத்தால் சுமார் 1,830 கிலோ கேரவன்தான் இழுக்கலாம். விளம்பரம் சொல்வதில் பாதிக்குச் சற்றே அதிகம். மூன்றரை டன் கேரவனை இந்தச் சூத்திரப்படி இழுக்க வேண்டுமானால் காரே 4,100 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். பிரிட்டனில் கேரவன் இழுக்கும் கார்களுக்கு மோட்டார்வேயில்கூட மணிக்கு 60 மைல், அதாவது சுமார் 96 கி.மீ.தான் உச்ச வேகம்.

ஆஸ்திரேலியர்கள் 85 சதவீதத்தைக் கேட்டுச் சிரிப்பார்கள். தூரம் அதிகம், தண்ணீர் கிடைக்காது, சின்னக் கேரவன் எங்களுக்குக் கட்டாது என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. அங்கே முன்பாரமும் கூடுதலாக வைக்கப்படுகிறது. பிரேக் விதிகளும் கறாரானவை. சக்கரங்கள் மேல் 750 கிலோவுக்கு மேல் இறங்கும் டிரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும். கொக்கி கழன்றுகொண்டால் தானாகப் பிடிக்கும் ஏற்பாடும் வேண்டும்.

ஆனால் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஜி.வி.எம். 4.5 டன்னைத் தாண்டும் லாரியை ஓட்டத் தனிப் பயிற்சி, தனித் தேர்வு, தனி லைசென்ஸ். காரும் கேரவனுமாக 6 டன் எடையை ஓட்டுவதற்குச் சாதாரண கார் லைசென்ஸே போதும். நடுவில் மூட்டு இல்லாத லாரிக்குத் தேர்வு உண்டு. மூட்டு உள்ள, ஆடக்கூடிய ஜோடிக்கு இல்லை. 65 வயதில் முதல் முறையாகக் கேரவன் வாங்கும் ஒருவர் அன்று மாலையே நெடுஞ்சாலையில் ஏறலாம். பிரிட்டன் இந்த விஷயத்தில் முன்னே போய்ப் பின்னே வந்த நாடு. 1997 ஜனவரி முதல் கார் தேர்வில் தேறியவர்கள் கனமான கேரவனை இழுக்க அங்கே தனித் தேர்வு எழுத வேண்டியிருந்தது. 2021ல் லாரி டிரைவர் பற்றாக்குறை ஏற்பட்டபோது, தேர்வாளர்களை லாரித் தேர்வுகளுக்குத் திருப்பிவிட அரசு முடிவு செய்தது. அந்த ஆண்டு டிசம்பர் 16 முதல் கேரவன் தேர்வு எடுக்கப்பட்டுவிட்டது.

ஆக, பொறுப்பு வாங்குபவரின் தலையில் விழுகிறது. அதை நிறைவேற்ற அவருக்கு வேண்டியது எடைமேடை. நம் ஊரில் லாரிகள் ஏறி இறங்கும் அதே எடைமேடைதான். தண்ணீர், எரிவாயு, துணிமணி, நாய், மனைவி என்று பயணத்தன்று இருக்கப்போகும் அத்தனையோடும் போக வேண்டும். முதலில் கேரவனை மாட்டியபடி காரின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தினால் வருவது ஜி.வி.எம்.முடன் ஒப்பிட வேண்டிய எடை. அடுத்து முழு ஜோடியும், அது ஜி.சி.எம்.முக்கு. பிறகு கேரவனைக் கழற்றித் தனியாக நிறுத்தினால் ஏ.டி.எம்.முடன் ஒப்பிடலாம். ஜோடியின் எடையிலிருந்து காரின் சக்கரங்களில் வந்த எடையைக் கழித்தால் கேரவன் சக்கரங்களின் பங்கு தெரியும். அதைத் தனிக் கேரவனின் எடையிலிருந்து கழித்தால் கிடைப்பது முன்பாரம். மூன்று முறை ஏறி இறங்கினால் முழு ஜாதகமும் கையில். கட்டணம் சொற்பம். வரம்பு மீறிய எடையோடு விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க வாய்ப்புண்டு என்பதை நினைத்தால் இன்னும் சொற்பம்.

ஏற்றும் முறையும் எளிதானது. கனமானவை கேரவனின் அச்சுக்கு அருகே, தரையோடு தரையாக. இலேசானவை மேலே. முனைகளில் கூடியவரை எதுவும் வேண்டாம். வேகத்தைக் குறைப்பது எல்லாவற்றுக்கும் மேலான மருந்து. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் வண்டியில் இருக்கும் சக்தி, 80ல் இருப்பதைப்போல ஒன்றரை மடங்குக்கும் அதிகம். பிரேக் விழுங்க வேண்டியது அத்தனையையும்தான். இதையெல்லாம் மீறி ஆட்டம் தொடங்கிவிட்டால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். ஸ்டீயரிங்கை ஒடித்து எதிர்த்து ஆடக் கூடாது. காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்கவும் கூடாது. டாஷ்போர்டில் கேரவன் பிரேக்குக்கென்று இருக்கும் கைக் கட்டுப்பாட்டை மெதுவாக அழுத்தினால் பின்வண்டி முன்வண்டியை இழுத்துப் பிடித்து நேராகும். இந்தக் காரியத்தைத் தானாகவே செய்யும் மின்னணுச் சாதனங்கள் இப்போது பல கேரவன்களில் வருகின்றன. எடைமேடைக்குப் போகாதவரைக் காப்பாற்ற அவை செய்யப்பட்டவை அல்ல.

எடைச் சீட்டு கையில் வந்ததும் சிலர் சின்னக் கேரவனுக்கு மாறுகிறார்கள். சிலர் பெரிய காருக்கு. பெரும்பாலோர் செய்வது இரண்டுமில்லை. மேடைக்கு வெளியே வண்டியை ஓரங்கட்டி, ஒரு தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டு, எதை வீட்டில் விட்டுவரலாம் என்று இருவரும் விவாதிக்கத் தொடங்குகிறார்கள். பார்பிக்யூ அடுப்பா, இரண்டாவது சைக்கிளா என்ற அந்த வாக்குவாதம் 2,700 கி.மீ. தாண்டியும் ஓயாமல் போகலாம். டார்வின் வரை சண்டை போட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தால், பொருத்தம் சரியாக இருந்தது என்று அர்த்தம்.